‘இவனுக்கு ஆர் வேலை குடுப்பினம்?’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வேலை பற்றி நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் வழக்கமான விசா, காணி உறுதி, முடி கொட்டுதல் கேள்விகளை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டன. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான். பெயர்களை எடுத்துவிட்டேன், ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒருவர் தும்மினால் தெகிவளையில் இருந்து சுகம் விசாரிக்கிற ஊர் இது.

மகனுக்கு 22 வயது, டவுன் சின்ட்ரோம். விசேட பள்ளிக்கூடம் முடித்து நாலு வருடமாக ஒரு தொழிற்பயிற்சி வகுப்புக்குப் போகிறான். மெழுகுதிரி, காகித உறை செய்யப் பழக்குகிறார்கள். ‘இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று ஒவ்வொரு டிசம்பரும் சொல்கிறார்கள். நான் வீட்டில் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பித் தட்டு அடுக்கித் தருவது அவன்தான், ஒரு நாளும் பிந்தியது கிடையாது. அது இருக்கட்டும். ‘இவனுக்கு ஆர் வேலை குடுப்பினம், வீட்டோட வைச்சுப் பாருங்கோ’ என்று சொந்தக்காரர் சொல்லுகினம். அவர்கள் சொல்வது சரிதானா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

அம்மா, ‘அது இருக்கட்டும்’ என்று தாண்டிப் போய்விட்டீர்களே, நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். விடிய நாலரைக்குத் தானாக எழும்புகிற, ஒரே வேலையை ஒரே மாதிரி நாள் தவறாமல் செய்கிற 22 வயது இளைஞனை எனக்குக் காட்டுங்கள் என்று கொழும்பில் எத்தனை முதலாளிகள் அலைகிறார்கள் தெரியுமா? தட்டை எடுத்து, எண்ணெய் தொட்டுத் தடவி, நீங்கள் பிழிந்ததும் அப்படியே வாங்கிச் சாய்க்காமல் நீத்துப்பெட்டிக்குள் அடுக்குகிறான் என்றால் அதில் வரிசை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, சூட்டைப் பற்றிய கவனமும் இருக்கிறது. இதையெல்லாம் அவன் எந்த வகுப்பில் படித்தான்? வேலை நடக்கிற இடத்தில், வேலை செய்கிற உங்கள் பக்கத்தில் நின்று படித்தான்.

மெழுகுதிரி விஷயத்துக்கு வருகிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது வேண்டுமானால் அதற்கு ஒரு மவுசு இருந்தது. மற்றபடி மெழுகுதிரி வார்க்க ஆள் தேவை என்று நான் இதுவரை ஒரு விளம்பரமும் பார்க்கவில்லை. வகுப்பு நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பிடித்திருக்கிற வழி தலைகீழாக இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு ஓரிடத்தில் படித்ததை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாலும் கஷ்டம். வகுப்பில் கோப்பை கழுவிப் பழகியவன் கடையின் கழுவுதொட்டியைக் கண்டதும் முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும், ஏனென்றால் குழாய் வேறு, சத்தம் வேறு, பின்னால் நின்று ‘கெதியா, கெதியா’ என்று கத்துகிற ஆளும் வேறு. அதனால் ‘தயாராகட்டும், பிறகு அனுப்புவோம்’ என்று காத்திருந்தால் அந்தப் ‘பிறகு’ வராது. முதலில் ஒரு வேலை இடத்தைப் பிடிக்க வேண்டும், அந்த இடத்திலேயே பக்கத்தில் ஒருவர் நின்று பழக்க வேண்டும், அவன் பிடித்துக்கொள்ளக் கொள்ளப் பழக்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டும். நான் பல வருடமாகச் செய்கிற வேலையே இப்படி விலகுவதுதான், சொன்னால் சிரிப்பார்கள்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் 1970களில் மார்க் கோல்ட் என்றொருவர், ‘இவர்களால் ஒன்றும் முடியாது’ என்று நிலையங்களில் ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கைப் பாகம் பாகமாகப் பூட்டப் பழக்கிக் காட்டினார். நீங்களும் நானும் கழற்றினால் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழிக்கிற சாமான் அது. ஒருவன் படிக்கவில்லை என்றால் படிப்பித்த விதத்தை மாற்று என்பது அவருடைய கட்சி. அப்புறம் 1996இல் சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த எரின் ரீல் என்பவருக்கு ஒரு தலையிடி. ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் றாக்கைகளில் நிரப்பி வைக்கிற வேலைக்கு எடுக்கிற ஆட்கள் நிலைப்பதே இல்லை. வளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு அதைப் பழக்கினால் என்ன என்று யோசித்தார். ‘புரொஜெக்ட் சேர்ச்’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அந்த அம்மா தொடங்கியது இரக்கத்தில் இல்லை, றாக்கை காலியாகக் கிடக்கிறதே என்ற எரிச்சலில். எனக்கு அந்தக் கதையில் பிடித்ததே அந்த எரிச்சல்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு கொப்பி வாங்கி ஒரு கிழமைக்கு மகன் சொல்லாமலே செய்கிறவை, சொன்னால் செய்கிறவை, எந்த நேரத்தில் களைக்கிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்று எழுதுங்கள். ‘நல்ல பிள்ளை, அன்பானவன்’ என்றெல்லாம் வேண்டாம், அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. பிறகு நடந்து போகிற தூரத்தில் மூன்று சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள், நீங்கள் இடியப்பம் கொடுக்கிற இரண்டும் அதில் இருக்கட்டும். ‘என்ர மகனுக்கு ஒரு வேலை தாங்கோ’ என்று தொடங்காதீர்கள். பதினொரு மணிக்கு உங்கள் கடையில் எந்த வேலை தேங்குகிறது என்று கேளுங்கள். மதியச் சோற்றுப் பார்சல் கட்டுகிற எந்தக் கடையிலும் அந்த நேரம் லஞ்ச் ஷீட் விரிக்க, சொதிப் பைக்கு ரப்பர் பாண்ட் போட, அப்பளத்தை எண்ணி வைக்க ஒரு கை குறையும். அந்தக் கையாக உங்கள் மகன் ஒரு கிழமை நின்று காட்டட்டும்.

தூரத்தில் வேலை அமைந்தால் பஸ்ஸையும் பழக்க வேண்டும், அதற்கு இரண்டு கிழமை ஒதுக்குங்கள். காலி வீதியில் 100, 101 இரண்டும் புறக்கோட்டைக்குத்தான் போகும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம், அவனுக்கு அவை இரண்டு படங்கள். படத்தை ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். சரியான சில்லறையைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள், மிச்சக் காசுக் கணக்கில்தான் பலர் பதறுவது. ‘பஹினவா’ என்று சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள், கொண்டக்டருக்கு அந்த ஒரு சிங்களச் சொல் போதும். முதல் மூன்று நாள் பக்கத்து சீட்டில், பிறகு பின் சீட்டில், பிறகு அடுத்த பஸ்ஸில் நீங்கள் போக வேண்டும். அந்த அடுத்த பஸ் பயணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா செபமாலையை முழுதாக மூன்று தரம் சொல்லி முடித்தா.

இன்னொன்று, டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுச் சுரப்பு குறைவது மற்றவர்களை விட அதிகம். வேலையில் தூங்கி விழுகிறான், சோம்பல் என்று யாராவது சொல்வதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டால், பதிலே வேண்டாம். இடியப்பம் வாங்க வரும்போது யார் தட்டு அடுக்கியது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

மிளகாய்த்தூள், கறித்தூள் அரைத்துப் பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 25 வயது, படிப்பு ஏறவில்லை, எண் எல்லாம் குழம்பும். அவளை எடுப்போம் என்று மனைவி நிற்கிறா. எனக்குப் பயம். காயம் பட்டால் யார் பொறுப்பு? என்ன சம்பளம் கொடுப்பது? மற்றப் பெண்கள் முணுமுணுக்க மாட்டார்களா? பாவம் பார்த்து எடுத்துவிட்டு நாளைக்கு நிறுத்தினால் அது இன்னும் பாவம் இல்லையா?
– கடை முதலாளி, கொட்டாஞ்சேனை

ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். பாவம் பார்த்து எடுப்பதாக இருந்தால் எடுக்கவே வேண்டாம். மூன்று மாதத்தில் இரக்கம் தீர்ந்துவிடும், பிறகு அவள் உங்கள் கண்ணில் சுமையாக நிற்பாள். பைக்கற் போட ஒரு ஆள் உண்மையாகவே குறைகிறது என்றால் மட்டும் எடுங்கள்.

சரி, எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கடை பூட்டியதும் நீங்களே உட்கார்ந்து பத்துப் பைக்கற் மெதுவாகப் போடுங்கள், கை செய்கிற ஒவ்வொன்றையும் மனைவி எழுதட்டும். ‘எடை போட்டு, நிரப்பி, ஒட்டுவது, அவ்வளவுதானே’ என்பீர்கள். இதே மாதிரி ஒரு இடத்தில் நான் எண்ணியபோது பதினேழு வந்தது. பையின் வாயை இரண்டு விரலால் தேய்த்துத் திறப்பது ஒன்று, கரண்டியை விளிம்பில் தட்டி வழிப்பது ஒன்று, ஒட்டுகிற இடத்தில் தூள் படாமல் துணியால் துடைப்பது ஒன்று. அங்கே இருந்த ஒரு பெண்ணைப் பற்றி ‘இவளுக்கு இந்த வேலை வராது’ என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பதினாறு வேலையும் சுத்தமாக வருகிறது, வராதது ஒன்றே ஒன்று. டிஜிட்டல் தராசில் 97, 103 என்று இலக்கம் ஓடும்போது எது கூட, எது குறைய என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த வீட்டுப் பாட்டியிடம் ஒரு பழைய இருதட்டுத் தராசு இருந்தது. அதைத் துடைத்து எடுத்து ஒரு தட்டில் 100 கிராம் படிக்கல்லை வைத்தோம். முள் நடுவில் நின்றால் சரி, நிற்காவிட்டால் ஒரு சிட்டிகை போடு அல்லது எடு. இலக்கமே தேவைப்படவில்லை. கடைசியாக ஒட்டுகிற பெண் முத்திரை குத்திய டிஜிட்டல் தராசில் வைத்து ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். முதல் கிழமை ஒரு மணித்தியாலத்துக்கு இருபது பைக்கற்தான் போனது, நானே கொஞ்சம் நம்பிக்கை இழந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. இரண்டாம் மாதம் மற்றவர்களோடு கிட்டத்தட்ட ஒத்துப்போய்விட்டாள், தவறுகள் மட்டும் அவர்களை விடக் குறைவு, ஏனென்றால் அவள் போன் பார்த்துக்கொண்டு நிறுப்பதில்லை.

பழக்கும்போது ‘கவனமாச் செய்’, ‘வடிவாச் செய்’ என்று சொல்லாதீர்கள், அதில் செய்ய எதுவும் இல்லை. ‘கரண்டியை விளிம்பில் தட்டு’ என்று சொல்லுங்கள், அதில் செய்ய ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு சேர்ந்து செய்யுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு பார்த்திருங்கள். இந்த மூன்றாவதில்தான் முதலாளிமார் தோற்றுப்போவது. செய்முறையைப் படமாக எடுத்து வரிசையாக மேசைக்கு மேலே ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் இன்னாரைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு ஆளையும், அந்த ஆள் வராத நாளுக்கு இன்னொரு ஆளையும் குறித்துவிடுங்கள்.

அந்த இன்னொரு ஆளை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால் அதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்க ஸ்டோரில் ஒரு பொடியனைச் சேர்த்துவிட்டேன், ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகப் போனது. அவனைப் புரிந்து வைத்திருந்தவர் அந்த மனேஜர் ஒருவர்தான். அவர் மாற்றலாகிப் போனார், புதியவருக்கு யாரும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் ‘அதுதான் நன்றாகப் போகிறதே’ என்று அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன். பத்தே நாளில் ‘சொல்வது விளங்குவதில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பில் பாதி என்னுடையது. இப்போது யாரைச் சேர்த்துவிட்டாலும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தலையையும் காட்டுகிறேன்.

காயத்துக்கு வருவோம். அரைக்கிற மெஷினுக்குக் கிட்ட சால்வையோடும் விரித்த தலைமுடியோடும் யார் போனாலும் ஆபத்துத்தான், அவளுக்கென்று தனி ஆபத்து எதுவும் இல்லை. மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டுவதில்லை என்று எல்லோருக்கும் ஒரே சட்டம். வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு மற்ற ஊழியர்களுக்கு எப்படியோ அவளுக்கும் அப்படித்தான்.

சம்பளம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் தொகை 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்ந்தது. நாட்கூலி என்றால் 1,200. மெதுவாகச் செய்கிறாள் என்று நீங்களாக ஒரு தொகையைத் தீர்மானிக்க முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு நூற்றுக்கு 8, உங்கள் பங்கு 12, நம்பிக்கை நிதிக்கு நீங்கள் இன்னும் 3. அதாவது 30,000 சம்பளத்தில் அவள் கைக்கு 27,600 போகும், உங்களுக்கு மொத்தச் செலவு 34,500. நியமனக் கடிதம் கொடுங்கள், அதைத் தமிழில் எளிமையாக எழுதி வாசித்தும் காட்டுங்கள். அரை நாள் வேலைதான் தரமுடியும் என்றால் தொழில் அலுவலகத்தில் கேட்டு, கணக்கை எழுத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மற்றப் பெண்கள் முணுமுணுப்பார்கள். அவளுக்குச் சலுகை காட்டினால் நியாயமாகவே முணுமுணுப்பார்கள். பிந்தி வந்தால் மற்றவர்களை ஏசுகிற மாதிரி அவளையும் ஏசுங்கள்.

மாற்றுத்திறனாளி, விசேட தேவையுடையவர், மாற்றாற்றல் உள்ளவர், வலது குறைந்தவர். இதில் எந்தச் சொல்லைப் பாவிப்பது சரி?
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

கட்டுரைப் போட்டிக்கா? கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுங்கள், மற்ற மூன்றில் எதை எழுதினாலும் யாராவது ஒருவர் திருத்துவார், பரவாயில்லை. என்னை உறுத்துகிற சொல் உங்கள் பட்டியலிலேயே இல்லை. ‘பிள்ளை’ என்ற சொல்தான் அது. 38 வயதில் மீசை நரைத்த மனிதரை ‘அந்தப் பிள்ளை’ என்கிறோம். ஒரு பேக்கரியில் அப்படி ஒருவர் இருக்கிறார். முதலாளி அவரைத் ‘தம்பி’ என்பார், சரி. அங்கே வேலைக்கு வந்த 19 வயதுப் பொடியனும் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினான். இவர் பாண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ‘அண்ணா எண்டு சொல்லு’ என்றார். அன்றிலிருந்து அந்தக் கடையில் அவர் எல்லாப் பொடியன்களுக்கும் அண்ணா.

அக்கா, என் தம்பிக்கு 31 வயது, ஓட்டிசம், தெகிவளையில் அம்மாவோடு இருக்கிறான். நான் மாதாமாதம் காசு அனுப்புகிறேன், ஒரு குறையும் இல்லை. இப்போது யாரோ அவனை ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்க்கலாம் என்று அம்மாவின் மனதைக் கலைத்திருக்கிறார்கள். அண்ணன் லண்டனில் இருக்கத் தம்பியைக் கூலி வேலைக்கு விட்டிருக்கிறார்கள் என்று சனம் கதைக்காதா? அப்படி அனுப்புவதென்றால் அரசாங்கத்தில் இவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறதே, கௌரவமாக அதில் ஒன்றைப் பார்க்க முடியாதா?
– ஒரு அண்ணன், லண்டன்

தம்பி, ஒதுக்கீடு இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 27/88 பொது நிர்வாகச் சுற்றறிக்கைப்படி அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வருகிற வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 இவர்களுக்கு. ஆனால் அந்தப் பதவிக்குரிய தகைமை இருக்க வேண்டும், குறைபாடு கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பட்டதாரிக்கு அந்தக் கதவு கொஞ்சமாவது திறக்கும். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தின் வாசலையே மிதிக்காத உங்கள் தம்பிக்கு அது சுவரில் வரைந்த கதவு. இந்தியாவில் 2016இல் வந்த சட்டத்தில் நூற்றுக்கு 4 ஒதுக்கி, அதில் 1ஐ ஓட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களையும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்துத் தனியாகக் குறித்துவிட்டார்கள். எழுத்தில் இருப்பதெல்லாம் நடக்கிறதா என்பது வேறு கதை, எழுத்திலாவது இவர்களை நினைத்திருக்கிறார்கள். நம்மிடமும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுக்கும்போது குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றும் கொண்டது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, முதலாளியோடு பேசும்போது நிமிர்ந்து பேசலாம். அரசாங்க வேலை வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் தம்பிக்கு 41 ஆகிவிடும்.

அச்சகம் நல்ல யோசனை என்றே எனக்குப் படுகிறது. தாளை எண்ணிக் கட்டுவது, பக்க இலக்க வரிசையில் அடுக்குவது, மடிப்பு கோணினால் எடுத்துப் புறம்பாக வைப்பது எல்லாம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மனம் ஆறாத ஆளுக்கு ஏற்றவை. மெஷின் சத்தம் ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் பாருங்கள், காதுக்கு மூடி போட்டுக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். நேர்முகம் என்று கூப்பிட்டு முன்னால் இருத்தி ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று அதிலேயே கழித்துவிடுவார்கள். நேர்முகத்துக்குப் பதில் இரண்டு நாள் வேலை செய்து காட்டுகிறான் என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். இன்றைக்கு இந்த வேலை, நாளைக்கு அந்த வேலை என்று மாற்றுவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

சனம் கதைக்கும். நீங்கள் லண்டனுக்குப் போனபோதும் கதைத்தது. உங்கள் கடிதத்தில் அம்மா என்ன நினைக்கிறா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஊர் என்ன நினைக்கும் என்று எல்லாம் இருக்கிறது, தம்பி என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. கேட்டுப் பாருங்கள். வாயால் பதில் வராவிட்டாலும், அச்சகத்துக்கு ஒரு தரம் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வந்தால் அடுத்த நாள் காலையில் சப்பாத்தைப் போடுகிறானா இல்லையா என்பதிலேயே பதில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அம்மாவுக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை, எழுபதுக்குக் கிட்ட இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு இந்த உலகத்தில் தம்பியின் பெயர் தெரிந்தவர்கள் அம்மா, நீங்கள், பக்கத்து வீடு. அச்சகத்தில் இரண்டு வருடம் இருந்தானென்றால் ஒரு நாள் வராவிட்டால் ‘எங்க ஆளைக் காணேல்ல’ என்று போன் எடுக்க நாலு பேர் இருப்பார்கள். லண்டனில் இருந்து எவ்வளவு அனுப்பினாலும் அந்த நாலு பேரை வாங்க முடியாது.

நாங்கள் ஒரு சிறிய நிலையம் நடத்துகிறோம். 18 பேர் உறை ஒட்டுகிறார்கள், தையல் செய்கிறார்கள், மாதம் 1,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறோம். இதை வேலைவாய்ப்பு என்று எங்கள் அறிக்கையில் போடலாமா?
– நிலையப் பொறுப்பாளர், கொழும்பு

போடாதீர்கள். நீங்கள் செய்வதை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த 18 பேருக்கும் காலையில் சட்டை மாற்றிப் போக ஓர் இடம் இருக்கிறது, அவர்களுடைய அம்மாமாருக்குச் சந்தைக்குப் போக, டொக்டரைப் பார்க்க நாலு மணித்தியாலம் கிடைக்கிறது. அதை அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். வேலை என்றால் சம்பளம் வேண்டும், மற்றவர்களோடு கலந்திருக்க வேண்டும். சமவாயத்தைக் கண்காணிக்கிற ஐ.நா. குழு 2022இல் வெளியிட்ட 8ஆம் பொதுக் கருத்துரையில், ஒதுக்கி வைத்துச் செய்விக்கிற வேலையை உரிமை நிறைவேறுவதற்கான படியாகக் கூடக் கணக்கெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

அதற்காக நாளைக்கே பூட்டுங்கள் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. பூட்டினால் 18 பேரும் வீட்டுக்குள் போய் ரீவி பார்ப்பார்கள். ஐந்து வருடத்தில் எத்தனை பேர் உங்களிடமிருந்து வெளி வேலைக்குப் போனார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள். ஒருவரும் இல்லை என்றால் உங்கள் ஆசிரியைகளில் ஒருவரைக் கிழமைக்கு இரண்டு நாள் வெளியே அனுப்புங்கள், கடை கடையாக ஏறி இறங்கட்டும், ஒரே ஒரு ஆளைச் சேர்த்துவிட்டு அவர் பக்கத்தில் நிற்கட்டும். சீதுவை, களுவாஞ்சிக்குடி போன்ற இடங்களில் சமூக சேவைகள் திணைக்களம் நடத்துகிற தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் போய்ப் பாருங்கள், பிரதேச செயலகத்தில் இருக்கிற சமூக சேவை உத்தியோகத்தர் வழி சொல்லுவார். முதல் ஆள் போக ஒரு வருடம் எடுக்கலாம். உங்கள் சிறந்த ஆள்தான் முதலில் போவார், உறை ஒட்டுகிற ஓடர் பிந்தும். அதற்குப் பயந்துதான் பல நிலையங்கள் கெட்டிக்காரர்களை விடுவதில்லை. வெளியில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 27 வயது. நான் துணி கழுவுற கடையில வேலை. மடிச்சு வைப்பன். மற்ற ஆக்கள் ரீ குடிக்கப் போகேக்க என்னைக் கூப்பிட மாட்டினம். சம்பளம் அம்மா எடுக்கிறா. எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது. அதைக் கேக்கலாமா?
– குரல் பதிவு, கிருலப்பனை

தங்கச்சி, கேட்கலாம். அது நீங்கள் உழைத்த காசு.

கடையில் சம்பளச் சிட்டை தருவார்கள். அதில் உங்கள் பெயர் இருக்கும், தொகை இருக்கும். ‘என் சிட்டையை என் கையில் தாருங்கள்’ என்று சொல்லுங்கள். அம்மாவோடு வங்கிக்குப் போங்கள். புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று அம்மாவோடு உட்கார்ந்து பிரியுங்கள். உங்களுக்கான காசில் என்ன வாங்குவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரீ குடிக்க அவர்கள் கூப்பிடும் வரை பார்த்திருக்க வேண்டாம். உங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். சம்பள நாளில் ஒரு தரம் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுங்கள். யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தால், தள்ளினால், தொட்டால், கடை முதலாளிக்கும் அம்மாவுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை மகளுக்கு வாசித்துக் காட்டுகிற அம்மாவுக்கு: நீங்கள் காசைப் பத்திரப்படுத்தத்தான் எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த மாதம் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை அவவின் கையில் கொடுத்து, என்ன செய்தாய் என்று கேட்காமல் இருந்து பாருங்கள்.

தங்கச்சி, சிட்டையில் தொகையை வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் வாசித்துக் குரல் பதிவில் போடுகிறேன். ரோல்ஸ் மரக்கறியா மீனா என்றும் சொல்லுங்கள்.